ஒரே பாதையில் இரண்டு பஸ், நடுவில் நாம்

(தோட்டக் குடும்பங்களின் மாதாந்தக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. பேசியபடியே தரப்படுகிறது.)



இந்தக் கூட்டங்களில் வழக்கமாகப் போசாக்கு, பிள்ளைக் காம்பரா, லயத்துக் கூரை, குடிதண்ணீர், சேமிப்பு என்றுதான் நாங்கள் பேசுவோம். இன்றைக்கு பஸ்ஸைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னதும் பின்வரிசையில் சில பேர் சிரிச்சாங்க. பஸ்ஸுக்கும் நலன்புரிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருப்பார்கள். சம்பந்தம் இருக்கிறது. கிளினிக்குக்கு ஏன் வரவில்லை என்று ஒரு கர்ப்பிணித் தாயைக் கேட்டால், "பஸ் வரல்லைங்க" என்கிறார். பிள்ளை ஏன் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வருகிறது என்று கேட்டால், "ரெண்டு பஸ்ஸும் நிப்பாட்டாமப் போயிட்டான்" என்று பதில் வருகிறது. காலையில் டவுனுக்குப் போய் அடையாள அட்டை வேலையை முடித்துவிட்டு, மத்தியானமாவது மலைக்கு ஏறி அரைப் பேராவது போட்டுக்கொள்ளலாம் என்று போனவர், பஸ் ஹோல்டில் நின்றே அதையும் இழந்துவிடுகிறார். வீட்டில் அடுப்பு எரிவதற்கும் பஸ் வருவதற்கும் சம்பந்தம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

எமது பாட்டன்மார் காலத்தில் பஸ்ஸே அபூர்வம். தோட்டத்தில் ஒருவருக்கு வருத்தம் கடுமையானால் கொழுந்து லொறியில் சாக்கு விரித்துத்தான் ஏற்றினார்கள். இன்றைக்கும் சில மேல் டிவிஷன்களில் அதுதான் நடக்கிறது. ஆனால் கீழே மெயின் ரோட்டைப் பாருங்க. சிவப்பு பஸ் ஒன்று, அதன் வாலைப் பிடித்த மாதிரி பிரைவேட் பஸ் ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. ஹோர்ன் சத்தம் மலைக்கு மலை கேட்கிறது. இவ்வளவு பஸ் ஓடியும் மேலே இருக்கிற எங்களுக்கு ஏன் பஸ் இல்லை? இன்றைய பேச்சு இந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலிருந்து மஸ்கெலியாவுக்கும் பஸ் போகிறது, பொகவந்தலாவைக்கும் பஸ் போகிறது. இரண்டும் டிக்கோயாவைத் தாண்டி நோர்வூட் வரைக்கும் ஒரே ரோட்டில் வருகின்றன. நோர்வூட்டில்தான் பிரிகின்றன. இந்தப் பாதையில் ஓடுகிறவர்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. வரைபடம் இல்லாமலே எல்லோருக்கும் மனக்கண்ணில் தெரியும் பாதை என்பதால் எடுத்தோம். கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் இருப்பவர்கள் இதையே தங்கள் ரோட்டில் வைத்துப் பார்க்கலாம். அங்கே நுவரெலியாவுக்குப் போகும் பஸ்ஸும் தலவாக்கலையோடு நிற்கும் பஸ்ஸும் ஒரே ஆட்களைத்தான் தேடுகின்றன. கினிகத்தேனைப் பக்கம் என்றால், கொழும்புக்குப் போகும் பஸ்ஸும் இடையில் ஏறுகிறவர்களைப் பொறுக்கிக்கொண்டு போகிறது.

இப்போது பாருங்க. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு மஸ்கெலியா பஸ் ஆனாலும் சரி, பொகவந்தலாவை பஸ் ஆனாலும் சரி. நோர்வூட் கடைத்தெருவுக்குப் போகிறவருக்கும் அப்படித்தான். எது முதலில் வருகிறதோ அதில் ஏறுவார். அதனால் இரண்டு பாதைக்கும் பொதுவான அந்தத் துண்டில் எல்லா பஸ்ஸுக்கும் எல்லா பஸ்ஸும் போட்டி. சி.டி.பி.க்கும் பிரைவேட்டுக்கும் மட்டும் போட்டி என்று நினைக்க வேண்டாம். பிரைவேட்டுக்கும் பிரைவேட்டுக்கும்தான் சில நேரம் அதிகப் போட்டி.

பொதுத் துண்டில்தான் ஆட்கள் நிறைய ஏறி இறங்குகிறார்கள், காசும் அங்கேதான். சந்தியைத் தாண்டினால் பஸ் காலியாகத் தொடங்கும். ஏற்றம் கூடும், வளைவு கூடும், ரோட்டு மோசமாகும், டீசல் அதிகம் குடிக்கும், டயர் தேயும், ஆனால் ஆட்கள் குறைவு. ஆகவே பொதுத் துண்டில் முந்தியவருக்கு அன்றைய ஓட்டம் கட்டுப்படியாகிறது. பிந்தியவர் அரைவாசிப் பஸ்ஸோடு சந்திக்கு வந்து சேர்கிறார். மேலே ஏறினால் நஷ்டம் என்று அவர் கணக்குப் போடுகிறார். "இதுக்கு மேல போகாது, எல்லாரும் இறங்குங்க" என்கிறார். இறங்குகிறவர் யார்? மேல் டிவிஷனுக்குப் போக வேண்டிய நாம்தான்.

பஸ்காரர்கள் சண்டை போடுவது கீழே, பொதுத் துண்டில். அதற்குக் காசு கொடுப்பது மேலே, கடைசித் துண்டில் இருப்பவர்கள். ரோட்டில் சத்தம் போட்டுக்கொள்ளும் டிரைவர்மாருக்கு இது தெரிவதில்லை, ஏனென்றால் இருட்டில் அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏற்றத்தில் நடக்கிறவரை அவர்கள் பார்ப்பதில்லை. த்ரீவீலருக்குக் கொடுக்கும் காசு பஸ் டிக்கட்டைப் போல எத்தனை மடங்கு என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இந்த ஓட்டப் போட்டி எப்படித் தொடங்குகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? வேகமாகப் போவதில் தொடங்குவதில்லை, மெதுவாகப் போவதில்தான் தொடங்குகிறது. ஸ்டாண்டை விட்டு வெளியே வந்த பஸ் ஊர்ந்து ஊர்ந்து போகும். ஒவ்வொரு கடை வாசலிலும் நிற்கும். கொண்டக்டர் இறங்கி நின்று பீடி பற்றவைப்பார். எதற்கு? பின்னால் வரப்போகும் பஸ்ஸுக்குரிய ஆட்களையும் தானே அள்ளிக்கொள்வதற்கு. கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் தெரிந்ததோ இல்லையோ, அப்போது பாய்ச்சல் பிறக்கும். மெதுவாகப் போய்த் தின்ற நேரத்தை வளைவுகளில் பிடிக்கப் பார்ப்பார். ஊர்வதும் பாய்வதும் இரண்டு வேறு குற்றங்கள் அல்ல, ஒரே குற்றத்தின் தலையும் வாலும். ஆனால் நாம் முறைப்பாடு செய்வது வேகத்தைப் பற்றி மட்டும். ஊர்கிற பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, "பாவம், ஆளுக ஏறட்டும்" என்று சும்மா இருந்துவிடுகிறோம்.

போட்டி இல்லாவிட்டாலும் பஸ்கள் இப்படிக் கூட்டுச் சேர்வது உண்டு. ஒரு பஸ் 2 நிமிடம் பிந்தினால் அடுத்த ஹோல்டில் கூடுதலான ஆட்கள் நிற்பார்கள். அவர்களை ஏற்றி முடிக்க இன்னும் 2 நிமிடம். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஆட்கள் குறைவு, அது விறுவிறு என்று வந்து முன்னதைப் பிடித்துவிடும். இயல்பாகவே வரும் இந்தச் சீக்குக்குப் போட்டி எண்ணெய் ஊற்றுகிறது. இதைத் தடுப்பதற்குத்தான் ஸ்டாண்டில் டைம் கீப்பர் என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிள்ளைகளும் கேளுங்க, இது ஆறாம் வகுப்புக் கணக்குத்தான். ஒரு மணித்தியாலத்துக்கு 4 பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 நிமிடத்துக்கு ஒன்றாக ஒழுங்காக வந்தால், ஹோல்டுக்கு வருகிற ஒருவர் ஆகக்கூடினால் 15 நிமிடம் நிற்பார். சராசரியாகப் பார்த்தால் ஏழரை நிமிடம். அதே 4 பஸ்ஸும் இரண்டு இரண்டாகச் சேர்ந்து அரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை வந்தால்? ஆகக்கூடியது 30 நிமிடம், சராசரி 15 நிமிடம். பஸ் குறையவில்லை, டீசல் குறையவில்லை, டிக்கட் காசும் குறையவில்லை. நாம் மழையில் நிற்கிற நேரம் மட்டும் இரண்டு மடங்காகிவிட்டது. முதல் பஸ்ஸில் புட்போர்டில் தொங்குகிறார்கள், இரண்டாவது பஸ்ஸில் சீட் காலியாக இருக்கிறது. இதற்குப் பெயர் போட்டிச் சேவையா?

"அப்படியென்றால் பிரைவேட் பஸ்ஸை நிப்பாட்டிட்டு, பழைய மாதிரி சி.டி.பி. மட்டும் ஓடட்டும்" என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

இலங்கையில் பஸ் ஓடத் தொடங்கிய காலத்தில் சின்னச் சின்ன முதலாளிமார்தான் ஓட்டினார்கள். அப்போதும் இதே ஓட்டம், இதே அடிபிடி. அதை அடக்குவதற்காக 1942 இல் ஒரு சட்டம் வந்தது. ஒரு பாதையை ஒரு கம்பெனிக்கு மட்டும் கொடுக்கும் முறை உண்டானது. போட்டி ஒழிந்தது. ஆனால் கம்பெனிக்காரர் இலாபம் உள்ள பாதையை நன்றாகப் பார்த்தார், இலாபம் இல்லாத பாதையை ஏனோதானோ என்று விட்டார் என்ற குறை வந்தது. 1958 ஜனவரி 1 ஆம் திகதி, பண்டாரநாயக்கா அவர்களுடைய அரசாங்கம் எல்லாக் கம்பெனிகளையும் எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபையை உண்டாக்கியது. நமக்கு சி.டி.பி. என்றால்தான் தெரியும். இலாபம் இல்லாத மலைப்பாதைகளுக்கும் சிவப்பு பஸ் ஏறியது. அது பெரிய காரியம், மறுக்க முடியாது. ஆனால் 1970களில் அந்த பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்கள் இங்கேயும் சிலர் இருக்கிறார்கள். பழுதாகி நின்ற பஸ்களையும், வந்தாலும் ஏற இடமில்லாமல் போன பஸ்களையும் அவர்களிடம் கேளுங்க. 1978 இல் ஒரே சபையைப் பிரதேசச் சபைகளாகப் பிரித்தார்கள். 1979 இல் தனியாருக்குத் திரும்பவும் கதவைத் திறந்தார்கள். பிறகு 1990களில் அரச பஸ்களைத் தொழிலாளருக்குப் பங்கு கொடுத்துக் கம்பெனிகளாக்கினார்கள். அதுவும் சரிவராமல், 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மறுபடியும் ஒரே சபையாக்கினார்கள்.

போட்டி, தனியுரிமை, திரும்பப் போட்டி என்று ஊஞ்சல் மாதிரி போய்வந்திருக்கிறது. கடைசி ஹோல்டில் நிற்பவருடைய கதை மட்டும் ஒவ்வொரு முறையும் கடைசிப் பக்கத்திலேயே இருந்தது. ஆகவே யார் பஸ் ஓட்டுகிறார் என்பதை விட, நேரம் காக்கப்படுகிறதா, கடைசி ஹோல்ட் வரைக்கும் போகிறதா என்பதைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பிரைவேட் பஸ்ஸிலும் நல்லது இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும். கை காட்டிய இடத்தில் நிற்கிறார்கள். கேஸ் சிலிண்டரையும் மரக்கறி மூட்டையையும் முகம் சுளிக்காமல் ஏற்றுகிறார்கள். நம்ம லயத்துப் பையன்கள் எத்தனையோ பேருக்குத் தோட்டத்துக்கு வெளியே கிடைத்த முதல் வேலை அந்தக் கொண்டக்டர் வேலைதான். அந்தப் பக்கம் சி.டி.பி.யைப் பார்த்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீசன் டிக்கட் கொடுப்பது அது ஒன்றுதான். விடியற்காலையிலும் இருட்டிய பிறகும், ஆட்கள் குறைந்த நேரத்தில் ஓடுவதும் பல இடங்களில் அதுதான். ஒன்றை ஒழித்து மற்றதை வைத்துக்கொள்ள நம்மால் முடியாது. இரண்டும் வேண்டும்.

அந்தப் பையன்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் எல்லாப் பழியும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. பிரைவேட் பஸ்ஸில் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது. முதலாளிக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும், டீசலுக்குக் கொடுக்க வேண்டும், மிஞ்சியதில்தான் டிரைவருக்கும் கொண்டக்டருக்கும். அல்லது வசூலில் இத்தனை சதவீதம் என்று பேச்சு. அப்படியானால் அவன் எப்படி ஓட்டுவான்? ஒவ்வொரு ஆளும் அவன் வீட்டுச் சோறு. பின்னால் வருகிற பஸ் அவன் சோற்றைப் பிடுங்க வருகிற பஸ். கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் கைகாசு வாங்குகிற நமக்கு இது விளங்காமல் போகாது. நிறுவைத் தராசைப் பார்த்துக் கொழுந்து எடுக்கிறபோது முற்றல் இலையும் கூடைக்குள் வரத்தானே செய்யும்?

மாதச் சம்பளத்தில் ஓடுகிற பையனுக்கு வளைவில் முந்த வேண்டிய அவசியம் பாதி குறைந்துவிடும். இன்னொன்றையும் கவனியுங்க. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 இலேயே வந்தது. தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியாக 3 சதவீதம் போட வேண்டும். தோட்டத்தில் நம் எல்லோருக்கும் இது அத்துப்படி. பஸ்ஸில் வேலை செய்கிற மகனுக்கோ தம்பிக்கோ இது இருக்கிறதா என்று இன்றிரவு சாப்பிடும்போது கேட்டுப் பாருங்க. நியமனக் கடிதம்கூட இல்லை என்றுதான் பல பேர் சொல்வார்கள்.

ஓட்டப் போட்டியைப் பார்த்துக் கைதட்டுகிற இளைஞர்களும் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். "நம்ம பஸ்தான் முந்திச்சு" என்று பெருமையாகச் சொல்வார்கள். மலைநாட்டு ரோட்டில் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். 2025 மே 11 ஆம் திகதி கொத்மலை, கெரண்டி எல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அது தூரப் பயண பஸ், போட்டியால் விழுந்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. இந்த ரோட்டில் ஒரு பிழை நடந்தால் அதற்கு விலை எவ்வளவு என்பதற்காகத்தான் சொல்கிறோம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் விஷயம்தான் எங்களுக்கு அதிகம் மனவருத்தம் தருவது. சீசன் டிக்கட் வைத்திருக்கிற பிள்ளை ஏறினால் கொண்டக்டர் கையில் காசு விழாது. பிரைவேட் பஸ் சீசனை ஏற்பதே இல்லை. பிள்ளைக்கு அரை டிக்கட்தான், ஆனால் அது நிற்கிற இடம் ஒரு முழு ஆள் நிற்கிற இடம். காலை 6.30 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் டவுனுக்கு வேலைக்குப் போகிற ஆட்களும் நிறைய. அப்போது எந்தப் பஸ்காரருக்கும் வெள்ளைச் சட்டை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு தோட்டத்தில் பிள்ளைகள் புத்திசாலித்தனமாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பெரிய ஆள் ஒருவரை ஹோல்டில் முன்னால் நிறுத்தி, பஸ் நின்றதும் எல்லோரும் மரத்துக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து ஏறுவார்கள். கேட்டபோது சிரித்துவிட்டோம். வீட்டுக்குப் போய் யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. ஒரு பிள்ளை படிக்கப் போவதற்கு ஒளிந்து நிற்க வேண்டுமா?

இதற்கு ஒரு வழி இருக்கிறது. சிசு செரிய என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகவே ஓடும் பஸ் சேவை 2005 முதல் நடக்கிறது. தேசிய போக்குவரத்து ஆணைக்குழு பணம் கொடுத்து, அரச பஸ்ஸையோ தனியார் பஸ்ஸையோ ஓடச் செய்கிறது. அதேபோல, ஆட்கள் குறைந்த கிராமப் பாதைகளுக்கு நஷ்டத்தை ஈடுசெய்து ஓட்டுவிக்கிற கெமி செரிய என்ற திட்டமும் இருக்கிறது. கடைசித் துண்டுக்கு மருந்து இதுதான். அங்கே போட்டியால் பஸ் வராது, யாராவது காசு கொடுத்தால்தான் வரும். அந்தக் காசை ஒதுக்குவதற்கென்றே அரசாங்கத்தில் ஒரு வழி உண்டு. கிராமத்துக்காரர் கேட்டு வாங்குகிறார்கள். தோட்டத்துக்காரர் கேட்பது குறைவு. பாடசாலை அதிபர், அபிவிருத்திச் சங்கம் மூலமாக எழுதிக் கேளுங்க.

"ரோட்டு சரியில்ல, எப்படி பஸ் ஏறும்?" என்று பஸ்காரர் கேட்பது நியாயம். தோட்ட ரோட்டு தோட்டத்துக்குச் சொந்தம், பிரதேச சபை அதில் கை வைக்க முடியாது என்று காலம் காலமாகச் சொல்லிவந்தார்கள். 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவுதான் அதற்குக் காரணம். 2018 இல் அந்தப் பிரிவைத் திருத்திவிட்டார்கள். தோட்டங்களுக்கும் சபைப் பணத்தைச் செலவிட வழி பிறந்தது. அதே 2018 இல்தான் நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய பிரதேச சபைகளும் வேலை தொடங்கின. இப்போது அந்தப் பழைய சாக்கு செல்லாது. பஸ் திரும்புவதற்கு மேலே ஒரு இடம், கல்வெட்டு உடைந்த இடத்தில் ஒரு குழாய், இவ்வளவு இருந்தால் ஏறக்கூடிய பாதைகள் எத்தனையோ உண்டு. உங்கள் உறுப்பினரை ஓட்டுக் கேட்கும்போது மட்டும் பார்க்காமல், இதற்காகவும் போய்ப் பாருங்க.

இனி, யாரிடம் முறையிடுவது என்பது. இங்கேதான் நம் ஆட்கள் குழம்பிப்போகிறார்கள். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா மாதிரி மாகாணத்துக்குள்ளேயே ஓடுகிற தனியார் பஸ்ஸுக்குப் பெர்மிட்டும் நேர அட்டவணையும் கொடுப்பது மாகாணத்துப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. ஹட்டன் கொழும்பு மாதிரி மாகாணம் தாண்டி ஓடுகிற பஸ்ஸுக்கு 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டான தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. அதற்கு 1955 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. சி.டி.பி. பஸ் என்றால் டிப்போ. வேகமாக ஓட்டி உயிருக்கு ஆபத்து என்றால் பொலிஸ். பிழையான கதவைத் தட்டினால் "இது எங்கட வேலை இல்லை" என்றுதான் சொல்வார்கள்.

அரச பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே நேர அட்டவணையில் மாறி மாறிப் போவதைத்தான் ஒருங்கிணைந்த நேர அட்டவணை என்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் 2025 ஓகஸ்டில் தூரப் பயண பஸ்களுக்கு அதைக் கொண்டுவந்தபோது சி.டி.பி. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தமே செய்தன. நல்ல நேரமெல்லாம் மற்றவருக்குப் போய்விடும் என்ற பயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. பஸ்காரர் இருவரும் மேசைக்கு வந்து தங்கள் நேரத்துக்காக வாதாடுகிறார்கள். ஹோல்டில் நிற்பவருக்காக வாதாட அந்த மேசையில் யாரும் இல்லை. அட்டவணை போடும்போது பிரட்டு நேரமும், கிளினிக் நாளும், பள்ளிக்கூடம் விடும் நேரமும் அவர்களுக்கு எப்படித் தெரியும்? நாம் எழுதி அனுப்பினால்தான் தெரியும். அரசாங்கக் காரியாலயங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், தமிழில் பதில் பெறவும் நமக்கு உரிமை உண்டு. எழுதத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறது.

ஆனால் "பஸ் சரியில்லை, நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதி 200 கையெழுத்துப் போட்டு அனுப்பாதீர்கள். அந்த மாதிரிக் கடிதங்கள் பைலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். "எந்த பஸ், எத்தனை மணிக்கு, எந்த நாள்?" என்று அதிகாரி கேட்டால் நம் வாய் அடைத்துப் போகிறது. திகதி, ஹோல்டின் பெயர், வர வேண்டிய நேரம், வந்த நேரம், பஸ் இலக்கம், சி.டி.பி.யா பிரைவேட்டா, எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள், கடைசி ஹோல்ட் வரைக்கும் போனதா, எங்கே திரும்பியது. இவ்வளவும் 2 கிழமைக்கு, ஒரு நாளும் விடாமல் எழுதினால் அது வெறும் முறைப்பாடு இல்லை, சாட்சி. நேரத்துக்கு வந்த பஸ்ஸையும் எழுத வேண்டும். ஒழுங்காக ஓட்டுகிறவர் பெயர் கெடக்கூடாது. அது மட்டுமல்ல, நல்லதையும் எழுதியிருக்கிற புத்தகத்தைத்தான் அதிகாரி நம்புவார்.

டிக்கட்டைக் கேட்டு வாங்குங்க. "அஞ்சு பத்துக்கு எதுக்கு டிக்கட்" என்று விட்டுவிடுகிறோம். டிக்கட் எழுதாத காசு பதிவில் வராது. பதிவில் வராவிட்டால் அந்த ஓட்டத்துக்கு ஆட்களே இல்லை என்று கணக்குச் சொல்லும். பிறகு ஒரு நாள் "வருமானம் இல்லை" என்று அந்த ஓட்டத்தையே வெட்டிவிடுவார்கள். 2022 இல் எண்ணெய்த் தட்டுப்பாட்டோடு நின்ற ஓட்டங்களில் சில, நாங்கள் போய்வரும் தோட்டங்களில் திரும்ப வரவே இல்லை. திரும்பக் கேட்கப் போனபோது, இத்தனை பேர் போய்வந்தோம் என்று காட்ட யார் கையிலும் ஒரு துண்டுக் கடதாசி இருக்கவில்லை.

மார்கழிப் போயாவோடு சிவனொளிபாத மலைப் பருவம் தொடங்கிவிடும், வெசாக் வரைக்கும் போகும். நல்லதண்ணிக்குப் போகும் யாத்திரிகர் கூட்டத்தைப் பிடிக்க எல்லா பஸ்ஸும் அந்தப் பக்கம் பாயும். மஸ்கெலியாப் பக்கத்து ஆட்களுக்கு அந்த மாதங்களில்தான் ஏற இடம் கிடைப்பது அரிது. பருவம் தொடங்கும் முன்பே நம் புத்தகங்கள் அதிகாரிகள் கையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

வாசல் பக்கத்து மேசையில் கோடு போட்ட கொப்பிகள் வைத்திருக்கிறோம். டிவிஷனுக்கு ஒன்று. மாதர் சங்கத்தில் ஒருவர், வாலிபர்களில் ஒருவர், மேல் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஒன்று, மூன்று பேராகப் பெயரைக் கொடுத்துவிட்டு வாங்கிப் போங்கள். காலை ஹோல்டைப் பிள்ளை எழுதட்டும், கடைசி பஸ்ஸைப் பெரியவர் எழுதட்டும். 2 கிழமை முடிந்ததும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கடிதத்தை இங்கேயே எல்லோரும் இருக்கும்போது எழுதுவோம். பஸ்ஸில் வேலை செய்கிற தம்பிமாரையும் அன்றைக்குக் கூட்டிக்கொண்டு வாங்க. அவர்களுக்கும் சொல்வதற்கு நிறைய இருக்கும்.